பாலிஷ் போடாத மெட்டி

சாந்தோம்,
20 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள ஷம்மு,

வாட்ஸ்அப்பில் ப்ளாக். இன்ஸ்டாவில் ப்ளாக். போன் அடித்தால் ஒரே ஒரு ரிங், அப்புறம் ஒரு அம்மா வந்து இங்கிலீஷில் வருத்தம் தெரிவிக்கிறார். ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் ‘ஸாரி’ என்று போட்டேன். அந்தக் கதவையும் சாத்திவிட்டாய். இனி மிச்சமிருப்பது தபால்பெட்டி ஒன்றுதான். அது யாரையும் ப்ளாக் பண்ணாது.

அம்மாவிடம் ஸ்டாம்ப் கேட்டேன். வீட்டிலும் ஆனி டீச்சராகவே இருக்கும் அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, எந்த வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறாய் என்றார். மன்னிப்பு கேட்கிற வேலைக்கு, அனுபவம் ஏராளம் என்றேன். சாந்தோமிலிருந்து தி.நகருக்கு ஆட்டோவில் அரைமணி நேரம். தபாலில் எத்தனை நாளோ தெரியாது. தப்பால் வந்த தபால், மெதுவாகத்தான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உன் பதினெட்டாவது பிறந்தநாள். உங்கள் வீட்டு ஹாலில் நீ, உன் சந்திரிகா அக்கா, நான், ஒரு தட்டு கேசரி. உன் கையில் ஒரு சிவப்பு டப்பாவைக் கொடுத்தேன். அதற்குள் ஒரு ஜோடி மோதிரம், பாதி வெள்ளி, பாதி தங்க முலாம். வெள்ளியும் தங்கமும் கலந்து போட்டுக் காட்டும் நம் ‘கலப்படம்’ இன்ஸ்டா பக்கத்துக்கு வீடியோ எடுப்பதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கெட் டின் இருக்கிறதே, அதில் கிடந்த ஒரு ஜோடி மெட்டியை எடுத்துப் போய் முலாம் பூசி, கைவிரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

நீ சிரிக்கப்போகிறாய் என்று நினைத்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்றை எடுத்து உள்பக்கம் பார்த்தாய். அடுத்ததை எடுத்து அதையும் உள்பக்கம் பார்த்தாய். எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய். அக்கா என்னிடம், “நீ கெளம்பு ரெனி” என்றார். வாயில் கேசரி இருந்தது. அதை எங்கே விழுங்கினேன் என்று ஞாபகம் இல்லை. பனகல் பார்க் வரைக்கும் அப்படியே நடந்தேன்.

நம் கெமிஸ்ட்ரி மிஸ் நாற்காலியில் ‘916’ ஸ்டிக்கர் ஒட்டி, அவர் அதைப் புடவையின் பின்பக்கத்தில் ஏந்திக்கொண்டு பிரேயர் முழுக்க நின்றபோதுகூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் சஸ்பெண்ட் ஆக வேண்டிய ஆளை ஒரு சிரிப்போடு காப்பாற்றினவள் நீ. இப்போது ஒரு ஜோடி மெட்டிக்கா இத்தனை கோபம்? டின்னில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து என்பது நாம் போட்ட சட்டம்தானே.

என்ன தப்பு என்று சொல்லு. திட்டியாவது சொல்லு. பதில் போட வசதியாக ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். எச்சில் தொட்டு ஒட்டியதில்லை, அம்மாவின் பசை.

இப்படிக்கு,
கலப்படத்தின் கலப்பு (படம் நீ),
ரெனி


உ

தி.நகர்,
26.7.2025

ரெனிட்டா,

ப்ளாக்கை எடுக்கப்போவதில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அதை நீ கேட்க வேண்டாம். எழுதினால் அழாமல் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

அவை என் அம்மாவின் மெட்டி.

கல்யாணத்தன்று காலில் ஏறியது, இருபத்து நான்கு வருஷம் காலிலேயே இருந்தது. வெளியே இருந்த பூ வேலைப்பாடு பாதிக்குமேல் அழிந்துபோயிருந்தது. உள்பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. வலது கால் மெட்டியில் ஓரிடத்தில் சின்னப் பள்ளம் உண்டு. அம்மா நடக்கும்போது அந்த விரலைக் கொஞ்சம் மடக்கி வைப்பாள், அதனால் வந்தது. என் சுண்டுவிரலை விட்டால் அந்தப் பள்ளம் தெரியும். கண்ணால் பார்க்க முடியாது, தொட்டால்தான் தெரியும்.

இப்போது தொட்டால் ஒன்றும் இல்லை. உள்ளும் வெளியும் வழவழவென்று இருக்கிறது. புதிதாக ஒரு பூ வெட்டியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். நகைக்கடைக்காரர் வீட்டுப் பெண் சொல்கிறேன், வேலையில் ஒரு குறையும் இல்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். எங்கள் வீட்டில் தங்கம் இடுப்புக்குக் கீழே இறங்காது. தங்கம் லட்சுமி, காலில் படக் கூடாது. அதனால்தான் கொலுசும் மெட்டியும் வெள்ளி. சந்திரிகாவுக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை அவள் காலை அம்மியில் தூக்கி வைத்துப் போடுகிற மெட்டி, அம்மாவுடையதாக இருக்கட்டும் என்று அப்பா ஜூலை முதல் வாரம் சொன்னார். இது உனக்குத் தெரிய வழியில்லை. அன்றைக்கே டின்னைத் திறந்தேன், மெட்டி இல்லை. யாரிடமும் சொல்லாமல் வீடு முழுக்கத் தேடினேன். அலமாரிக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். என் பிறந்தநாளன்று உன் சிவப்பு டப்பாவில் கிடைத்தது.

அப்பாவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கத்தவில்லை. “கடையில பாலிஷ் போட்ட நகை ஆயிரம் கெடக்கு. போடாம வச்சிருந்தது இது ரெண்டுதான்” என்றார். அந்தப் பிள்ளை இனி இந்த வாசலுக்கு வரக் கூடாது என்றும் சொன்னார்.

டின்னில் வைத்தது என் தப்பு. பீரோவில் வைத்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்து அழுவார்கள். அந்த டின்னை நம் இருவரைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்பதால் ஒரு துணிப்பையில் சுற்றி அதற்குள் வைத்தேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தோம். அந்த மெட்டியைப் பற்றி அன்றைக்கு உன்னிடம் சொன்னதாக எனக்கு ஞாபகம். சொன்னேனா? அது அம்மாவுடையது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

ஒரே வார்த்தையில் பதில் எழுது. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

ஷண்முகப்ரியா


சாந்தோம்,
30 ஜூலை 2025

ஷம்மு,

தெரியாது.

ஒரே வார்த்தை எழுதிவிட்டேன், பார்த்தாயா. இனி மிச்சக் காகிதத்தை என் இஷ்டத்துக்கு நிரப்பலாம்.

அன்றைக்கு பஸ்ஸில் வந்தது ஞாபகம் இருக்கிறது. மாட வீதியில் கறுப்பு மணி, ஜிமிக்கி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். கூட்டம். நீ ஜன்னல் பக்கம். என்னவோ பேசிக்கொண்டு வந்தாய், டிரைவர் அடித்த ஹாரனில் பாதி காதில் விழவில்லை. மெட்டி என்று எதுவும் கேட்ட ஞாபகம் இல்லை. நான் கேட்டிருந்தால் அதைத் தொட்டிருப்பேனா சொல்லு. எனக்குக் குறும்பு உண்டு, கொழுப்பும் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே அடையாறு காலேஜுக்குப் போகாமல் நேராக உங்கள் பக்கம் வந்தேன். உங்கள் வாசலுக்கு இல்லை, பயப்படாதே. ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் முலாம் பட்டறை வைத்திருக்கிற காஷிஃப் பாயிடம். அவர்தான் செய்துகொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார்.

பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டேன். “தங்கத்த எடுத்துடலாம்மா, அது ஒரு மேட்டரே இல்ல. தேஞ்சது போச்சுன்னா போனதுதான். அத நான் எங்கேர்ந்து கொண்டார்றது?” என்றார். முலாம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் சக்கரத்தில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டுமாம். அதில்தான் எல்லாம் போயிருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் ஒரு தட்டு இருந்தது, அதில் கறுப்பாகத் தூசி. அதைக் கேட்டேன். தினம் தினம் வழித்துவிடுவாராம். அது வேறு யாரோ ஒருவர் நகையின் தூசி.

அவர் தப்பு ஒன்றும் இல்லை. நான் கொடுத்ததை நன்றாகச் செய்தார், அவ்வளவுதான்.

உன் அப்பாவிடம் நான் வந்து மன்னிப்பு கேட்கட்டுமா? வாசலுக்கு வரக் கூடாது என்றால் எதிர் வாசலில் நிற்கிறேன். உங்கள் எதிர்வீட்டு நாய்க்கு என்னைப் பிடிக்கும்.

ஷம்மு, இந்த ஜோக்கெல்லாம் நானாக எழுதவில்லை. கை பழகிவிட்டது. நீ என்னை விட்டுவிடாதே. வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

ரெனி


உ

தி.நகர்,
6.8.2025

ரெனி,

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். நாய் விஷயத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவர் படிக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. சண்டை போட்டுச் சாப்பிடாமல் இருப்பது எங்கள் வீட்டில் சந்திரிகாவின் வழக்கம், என்னுடையது இல்லை. அதனால் இரண்டாவது நாளே அப்பா பயந்துவிட்டார். மூன்றாவது நாள் கடையிலிருந்து மத்தியானமே வந்து, “என்னட்டி வேணும் உனக்கு?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியாதுப்பா, தெரிஞ்சு செய்யமாட்டா, எனக்கு அவளைத் தெரியும் என்றேன். சந்திரிகா நடுவில் வந்து, அந்தப் பிள்ளைக்காக அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் நானும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணப் பெண்ணோடு இப்படிச் சண்டை போடலாமா என்று மாமா வீட்டிலிருந்து எல்லோரும் போன் செய்து திட்டினார்கள்.

நான்காவது நாள் அப்பா உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அந்தக் கறுப்புத் தூசி இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் படித்தார். “பாவம், தெரியாமச் செஞ்சிருச்சு” என்றார். கடையில் சொல்லி முலாமை எடுத்துவிட்டார்கள். இப்போது முழு வெள்ளி. ரொம்ப மெல்லிசாகிவிட்டது. கல்யாணத்தன்று ஒரு நாள் தாங்கும், பிறகு புதுசு போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

எனக்குத்தான் ஒன்று இன்னும் சரியாகவில்லை. உன்னிடம் பஸ்ஸில் சொன்னதாக அவ்வளவு தெளிவாக நினைத்திருந்தேன். எந்த சிக்னலில் பஸ் நின்றது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை போலிருக்கிறது. மனசுக்குள் சொல்லியிருப்பேன். அம்மா போன பிறகு இப்படி ஆகிறது. நடந்ததும் நான் நினைத்ததும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. அம்மா கடைசியாக என்னிடம் பேசியது ஒரு வரி. அதையாவது நிஜமாகவே சொன்னாளா, நானே கட்டிக்கொண்டேனா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்த நேரம் பக்கத்தில் வேறு யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள.

அதை விடு. உள்ளே பத்திரிகை வைத்திருக்கிறேன். அப்பாவே உன் பெயர் எழுதினார். குடும்பத்தோடு வா. சந்திரிகாவும் இறங்கி வந்துவிட்டாள். ரிசப்ஷனுக்கு வெள்ளியும் தங்கமும் கலந்து நீதான் போட்டுவிட வேண்டுமாம். நம் கலப்படத்தை அவள் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மனசு உன்னைத் தேடுகிறது ரெனி. காலேஜில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்கள். போரடிக்கிறது.

ஷம்மு


சாந்தோம்,
9 ஆகஸ்ட் 2025

ஷம்மு, ஷம்மு, ஷம்மு,

பத்திரிகை வந்தது. ‘செல்வி ரெனிட்டா குடும்பத்தினர்’ என்று உன் அப்பா கையெழுத்து. என் குடும்பத்தின் தலைவி நானே என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். என் அண்ணன் ஜாக்சன் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

அக்காவிடம் சொல்லு. ரிசப்ஷன் புடவை சாம்பல் நிறம் என்றால் கழுத்தில் தங்கம் மெலிதாக ஒன்று போதும், காதில் பெரிய வெள்ளி ஜிமிக்கி, ஒரு கையில் தங்க வளையல், இன்னொரு கையில் வெள்ளிக் காப்பு. இரண்டையும் ஒரே கையில் போட்டால் கூட்டணி ஆட்சி மாதிரி இடித்துக்கொள்ளும். நகையில் நகைச்சுவை வேண்டும், ஆனால் நகைப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இதற்குமேல் எழுத வரவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ரெனி


சாந்தோம்,
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஷம்மு,

நீ சொன்னாய். பஸ்ஸில் சொன்னாய். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுச் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முழுவதும் கேட்டேன்.

ஆழ்வார்பேட்டை சிக்னல். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னாய். தோடு, தாலி எல்லாம் அப்பா கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வெளியே போனார். நீ கால்மாட்டில் நின்றாய். மெட்டியைக் கழற்றி உன் கையில் வைத்து, “வச்சிரு ஷம்மு, வந்து போட்டுக்கிடுதேன்” என்று உன் அம்மா சொன்னார்கள். இதுதான் அந்த வரி. நீ எனக்குச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நீயாகக் கட்டிக்கொண்டது இல்லை. மார்ச் மாதமே என்னிடம் சொல்லிவிட்டாய்.

பிறகு உன் சுண்டுவிரலைக் காட்டி, உள்ளே விட்டால் அம்மா விரல் தெரியும் என்றாய். தினமும் போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது, கல்யாணம் ஆகாதவள் மெட்டி போடக் கூடாது, காலில் போட்டதைக் கையில் போடவும் வீட்டில் விடமாட்டார்கள் என்றாய். “அதனால டின்னுல கெடக்கு ரெனி” என்றாய். உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டேன்.

யாராவது அழுதால் எனக்குப் பயம். சிரிக்க வைக்கத்தான் தெரியும், அழுகிறவர்கள் பக்கத்தில் சும்மா உட்காரத் தெரியாது. அந்த டிக்கெட் கேள்வி மூன்று மாதமாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உனக்கு ஒரு பதில் கடன்பட்டதாக நினைத்தேன். பதிலாகத்தான் மெட்டியை எடுத்தேன். வெள்ளியையும் தங்கத்தையும் சேர்த்துப் போட வேண்டும் என்றால் இரண்டும் கலந்த ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும், அது இருந்தால் மிச்சமெல்லாம் பொருந்தும் என்று நாமே பத்து வீடியோ போட்டிருக்கிறோம். அது மோதிரமாகிவிட்டால் சுடிதாரோ ஜீன்ஸோ எதற்கும் போடலாம். யாருக்கும் மெட்டி என்று தெரியாது. நீ தினமும் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அது அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினால் நான் ஏதோ நல்லெண்ணத்தில் செய்தவள் மாதிரி இருக்கும். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

காஷிஃப் பாய் தேய்ப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டார். “பழசும்மா இது. உள்ள அப்படியே வுட்டுடவா, அதையும் தேச்சிடவா?” என்று கேட்டார். வெளியே மட்டும் முலாம் பூசி உள்ளே விட்டுவிட முடியும் என்றார். அந்த நேரம் நான் உன் சுண்டுவிரலை நினைக்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் வீடியோவில் எப்படி மின்னும் என்று நினைத்தேன். புதுசு மாதிரி பண்ணிடுங்க பாய் என்றேன். போன மாதக் கடிதத்தில் இதை எழுதாமல், அவர் தப்பு இல்லை என்று மட்டும் எழுதி நல்லவளாகிக்கொண்டேன்.

நீ ஒரே வார்த்தை கேட்டபோது ‘தெரியும்’ என்று எழுத உட்கார்ந்தேன். தெரியும் என்று எழுதினால் நீ போய்விடுவாய். கடைசி இரண்டு எழுத்தை மாற்றி எழுதினால் இருப்பாய். எழுதிவிட்டேன். நீ எனக்காகச் சாப்பிடாமல் கிடந்தாய் என்று படித்தபோதும் வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பத்திரிகை கையில் இருந்தது. என்ன நகை போடலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் உன் அம்மா சொன்ன வரி நிஜமா என்று நீ உன்னையே சந்தேகப்படுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டு நாளாக அந்த ஒரு பாராவையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனி டீச்சர் திட்டவில்லை. போய் எழுது, மாதா கோவிலில் பாவமன்னிப்பு கேட்கப் போவதற்கு முன்னால் அவளிடம் சொல் என்றார்.

உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் கல்யாணத்துக்கு வரமாட்டேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

ரெனிட்டா


உ

தி.நகர்,
31.8.2025

ரெனி,

நான் பதில் எழுதவில்லை, நீ வரவில்லை. சொன்னபடி நீ செய்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை மெட்டி போடும்போது இடது காலில் சரியாக நிற்கவில்லை, மெல்லிசு என்பதால் வளைந்து வளைந்து கழன்றது. சந்திரிகா விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படி மடக்கியதைப் பார்த்ததும் அப்பா மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டார். சமையல்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தாராம். நான் போகவில்லை. போயிருந்தால் மணமேடையில் எங்கள் வீட்டு ஆள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

ரிசப்ஷனுக்கு நீ எழுதியபடியே நான் போட்டுவிட்டேன். நிறையப் பேர் யார் செய்தது என்று கேட்டார்கள். ஒரு சிநேகிதி என்றேன்.

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. கல்யாண வேலையில் அதைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டே திரிந்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

நீ கேட்டதைச் செய்யத்தான் எனக்கும் ஆசை இருந்தது. ‘வா’ என்று கார்டு எழுதி, பையில் வைத்து, தபால்பெட்டி வரைக்கும் போனேன். மெட்டிக்காக உன்னை விடவில்லை ரெனி. அதற்காக விடுவதாக இருந்தால் ஜூலையிலேயே விட்டிருப்பேன். உள்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னாயே, அதற்காகக்கூட இல்லை. பதினெட்டு வயதில் எல்லோரும் எதையாவது தேய்த்துவிடுகிறார்கள்.

‘தெரியாது’ என்று நீ எழுதிய பிறகு இரண்டரை வாரம், அம்மா என்னிடம் கடைசியாகப் பேசவே இல்லை என்று நம்பினேன். பஸ்ஸே பொய் என்றால் ஆஸ்பத்திரியும் பொய்யாக இருக்கலாம் இல்லையா. கால்மாட்டில் நின்றேனா, வாசலில் நின்றேனா என்றுகூடக் குழம்பிவிட்டது. அந்த நாட்களில் அப்பாவிடம் போய், அம்மா என்னிடம் ஏதாவது சொன்னதாக நான் எப்போதாவது உங்களிடம் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டேன். இல்லையே என்றார். யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ இல்லை என்று சொல்லிவிட்டால் அது நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதினாய்.

நீ திரும்பச் சொன்னதால் அந்த வரி எனக்குத் திரும்பக் கிடைத்தது. உன் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது உட்கார்ந்துவிட்டேன். அதற்கு நன்றி. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் உன்னைப் பார்த்தால் நீ இனி என்ன சொன்னாலும், அது நடந்ததா, நடக்கவில்லையா என்று யோசிப்பேன். நீ சிரிக்க வைப்பாய், நான் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே யோசிப்பேன். அப்படி ஒரு சிநேகிதியாக உன்னோடு இருக்க என்னால் முடியாது. நீயும் அதைத் தாங்கமாட்டாய்.

கலப்படத்தை நீயே நடத்து. நான் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன். டின்னை உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், உன் அம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொள்.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. உன் சாப்பாட்டு இலைக்கு ஆள் வரவில்லை என்று பந்தியில் அவர்தான் கவனித்தார். காலேஜில் பரீட்சை என்றேன். நேற்றுக்கூட, “அந்தப் பிள்ளைய ஒருநா சாப்பிட வரச் சொல்லு, தெரியாமச் செஞ்சதுக்குப் போய் மனசுல வச்சிக்கிட்டிருக்கும்” என்றார். சரிப்பா என்றேன். அவருக்கு நீ அப்படியே இருந்துவிட்டுப் போ.

இனி எழுதாதே ரெனி. எழுதினால் பிரித்துப் படித்துவிடுவேன்.

ஷண்முகப்ரியா